ஒரு பவுனுக்கு எத்தனை மூட்டை?

1984-ல் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் பி.ஏ. எகனாமிக்ஸில் சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால், ஏன் சேர்ந்தான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வேறு எதெல்லாம் கிடைக்கவில்லை என்றுதான் கேட்பார்கள். வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் மெடிக்கல், அப்புறம் இன்ஜினியரிங், அது போனால் விவசாயக் கல்லூரி, அதுவும் போனால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கொஞ்சம் விவரமான வீடாக இருந்தால் பி.காம். இத்தனை பட்டியலும் ஒட்டி முடித்து, பெயரைத் தேடித் தேடிக் கழுத்து வலித்த பிறகு, கடைசிப் பலகையில் வரலாறும் பொருளாதாரமும் இருக்கும். ஆண்டுகள் எனக்கு மனதில் நிற்காது என்பதால் வரலாற்றுக்கு மனுப் போடவில்லை. பொருளாதாரத்தில் ஆண்டுகளோடு சதவீதமும் சேர்ந்து வரும் என்பதை யாரும் சொல்லவில்லை.

பாபநாசம் கடைத்தெருவில் அப்பாவை நிறுத்திக் கேட்டார்கள்.

"தம்பி என்னங்க படிக்குது?"

"எகனாமிக்ஸாம்."

"அது படிச்சா என்ன வேலைக்குப் போவும்?"

"கெடைக்கிற வேலைக்குப் போவும்."

எங்கள் துறையின் எதிர்காலத்தை இவ்வளவு துல்லியமாகக் கணித்தவர் வேறு யாரும் இல்லை.

இன்று என் அண்ணன் மகள் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் படிப்பதும் அதே பொருளாதாரம்தான். பக்கத்தில் ‘நிதி’ வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே வித்தியாசம். ஆனால் பட்டியலின் அடியில் கிடந்தது உச்சிக்குப் போய்விட்டது. எங்கள் காலத்தில் கணக்கு வராதவர்களுக்கான படிப்பு அது. இப்போது பிளஸ் டூவில் கணக்கு இல்லாவிட்டால் அவள் கல்லூரியில் விண்ணப்பமே வாங்கமாட்டார்கள். மெடிக்கல் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பெண் ஒருத்தி அவள் வகுப்பில் இருக்கிறாளாம். இதை அண்ணி ஊரில் சொன்னபோது, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கோளாறா என்று பக்கத்து வீட்டில் கவலையோடு விசாரித்தார்கள்.

காவிரி டெல்டாவுக்கும் இந்தப் படிப்புக்கும் இப்போது நேரடி உறவு உண்டு என்று பெருமையாகவே சொல்லலாம். 2009-ல் திருவாரூருக்கு மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. நீலக்குடி வயல்களுக்கு நடுவே வெட்டாற்றங்கரையில் கட்டிடங்கள் எழுந்தன. சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாணவர்களுக்குப் பட்டம் தருவது இந்தத் திருவாரூர்ப் பல்கலைக்கழகம்தான். ஆக, திருவாரூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலேயே ஒருவர் திருவாரூர்ப் பட்டதாரி ஆகலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொருளாதாரம் படிக்கச் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள், அங்கே படித்தவர்களின் பட்டமோ இங்கிருந்து போகிறது. ஏற்றுமதி இறக்குமதிப் பாடத்தில் இதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். ஓய்வூதியத்தில் நன்றாக இருக்கும் பேராசிரியர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். தமிழ்வழி வகுப்பு. கலைப் பாடங்களைத் தமிழில் நடத்தும் சோதனை 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. கால் நூற்றாண்டு கழித்து எங்கள்மீதும் அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் கனத்த புத்தகம் ஒன்று, சீனியர் விட்டுப்போன நோட்டு ஒன்று. இரண்டில் நோட்டுக்குத்தான் மரியாதை.

மொழி தமிழாக இருந்தது. நாடு மட்டும் வேறு. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை விளக்க ஒருவன் ஆப்பிள் தின்றான். முதல் ஆப்பிளில் பயன்பாடு 20, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 10. காய்ச்சல் வந்தால் மட்டும் அரை ஆப்பிளைப் பார்த்திருந்த நாங்கள், ஐந்தாவது ஆப்பிளில் அவனுக்குச் சலிப்புத் தட்டியதை நம்பி எழுதி மதிப்பெண் வாங்கினோம். விலைக் கோட்பாட்டில் ரொட்டியும் கோதுமையும் நிலக்கரியும் வந்தன. கிஃபன் என்பவர் அயர்லாந்து ஏழைகளின் உருளைக்கிழங்கோடு வந்தார். மூன்று வருடத்தில் நெல் வரவில்லை. கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றது முழுக்க நெல்.

ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரும் இல்லாத ஒரு தீவு. முதலில் வந்தவர்கள் நல்ல நிலத்தில் பயிரிடுகிறார்கள், அடுத்து வந்தவர்களுக்குச் சுமாரான நிலம், கடைசியில் வந்தவர்களுக்குக் கட்டாந்தரை. மூன்றுக்கும் விளைச்சலில் உள்ள வித்தியாசம்தான் வாரம். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, ஒன்றுக்கு மட்டும் சார் கோடு தீட்டுவார். தீவுக்குப் போவானேன்? கல்லணையிலிருந்து பஸ் ஏறி வேதாரண்யம் வரை போனால் ரிக்கார்டோவின் மொத்தக் கோட்பாடும் ஜன்னலோரம் ஓடும். தலைமடையில் நிலம் வைத்திருப்பவனுக்கு மேட்டூர் திறந்த வாரத்தில் தண்ணீர். கடைமடைக்காரன் ஆடி போய் ஆவணி வந்தாலும் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே மண், ஒரே விதை, ஒரே மாதிரி உழைப்பு. வாய்க்காலில் எத்தனையாவது மதகு என்பதைச் சொன்னால் போதும், பெண் கொடுக்கலாமா என்பது வரை எங்கள் ஊரில் முடிவு செய்துவிடுவார்கள். மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, ஜூன் 12 என்ற தேதி பஞ்சாங்கத்துக்குச் சமமாக ஆன பூமி இது. தேர்வில் நான் தீவைத்தான் எழுதினேன். தலைமடை, கடைமடை என்று எழுதியிருந்தால் அது விவசாயப் பாடம் என்று அடித்திருப்பார்கள்.

குறைந்து செல் விளைவு விதியும் அப்படியே. இங்கிலாந்தில் ஒரு பண்ணைக்காரர் ஆளை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டே போனார். எங்கள் ஜில்லாவில் அந்த விதிக்கு அரசாங்கமே பரிசோதனை நடத்தியிருந்தது. 1960-ல் நாடு முழுக்க ஏழு மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்து ஆரம்பித்த தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூரும் ஒன்று. ‘பேக்கேஜ் புரோகிராம்’ என்றால் அப்பா தலைமுறைக்கு அத்துப்படி. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டாக வரும். ஆடுதுறை 27 நெல் ரகம் குறுவையில் வந்து, ஊரே அதன் பின்னால் போனது. முதல் மூட்டை யூரியாவில் பயிர் கருகருவென்று எழுந்ததும், மூன்றாவது மூட்டையில் தலை சாய்ந்து படுத்ததும், புகையான் பிடித்ததும் அப்பா தன் கையால் செய்து பார்த்தவை. வரைபடம் போடத் தெரியாது என்பதால் அவர் பொருளாதார நிபுணர் ஆகவில்லை.

எங்களுக்கு ஒரு சார் இருந்தார், நிறைவுப் போட்டியை நடத்துவதில் மன்னன். எண்ணற்ற வாங்குவோர், எண்ணற்ற விற்போர், ஒரே தன்மையான பண்டம், தடையற்ற நுழைவு, சந்தையைப் பற்றிய முழு அறிவு என்று விரல் மடக்குவார். அதே சார் தை மாதம் சாயங்காலங்களில் கொள்முதல் நிலையத்தில் எங்கள் அப்பாவுக்கு முன்னால் வரிசையில் நிற்பார். அவருக்கும் கொஞ்சம் நிலம். வாங்குவோர் அங்கே ஒருவர்தான், விலையும் ஒன்றுதான். முழு அறிவு என்பது நாளைக்கு மழை வருமா என்பதோடு நின்றுவிடும். ஈரப்பதம் கூடுதல் என்று சொன்னால் மறுபடி களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். மறுநாள் காலை வகுப்புக்கு வரும்போது சட்டைக் காலரில் சுணை ஒட்டியிருக்கும். பாடத்தை விட்ட இடத்திலிருந்து, எண்ணற்ற வாங்குவோரிலிருந்தே, தொடங்குவார். நான் சிரித்ததில்லை. அப்பாவுக்கு முன்னால் அவர் டோக்கன் வாங்கியிருந்தார்.

கூலிக் கோட்பாடுகள் மட்டும் சிரிக்கும்படி இல்லை. பிழைப்புக் கூலி, கூலி நிதி, இறுதிநிலை உற்பத்தித் திறன் என்று மூன்று கேள்விகள், ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். நாங்கள் அதை உருப்போட்டுக்கொண்டிருந்ததற்குப் பதினாறு வருடம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய எங்கள் மாவட்டத்திலேயே இருந்த கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், தலித் கூலிக் குடும்பத்தவர். மறுவருடம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எங்கள் வகுப்பில் அந்தக் கிராமத்திலிருந்து பஸ் தூரத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். பாடத்தில் மான்செஸ்டர் தொழிலாளிதான் இருந்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனுக்கு மட்டும் அந்தப் பாடம் நடந்த நாட்களில் வருகைப் பதிவு இருக்காது.

ஐந்தாண்டுத் திட்டங்கள் தனிக் கதை. ஆறு திட்டங்களின் இலக்கும் ஒதுக்கீடும் கோடிக்கணக்கில் தலைக்குள் ஏற்றினோம். திட்டக் கமிஷனே 2014-ல் போய்விட்டது, 2017-ல் பன்னிரண்டாவது திட்டத்தோடு வரிசையும் முடிந்தது. அந்த எண்கள் என் தலைக்குள் இன்னும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கின்றன. அண்ணன் மகளிடம் இரண்டாம் திட்டத்தை, மகலனோபிஸை, பெருமையாக எடுத்துவிட்டேன். "அது ஹிஸ்டரி பேப்பர் சித்தப்பா" என்றாள். வரலாற்றுக்கு மனுப் போடாமல் தப்பித்ததாக நாற்பது வருடம் நினைத்திருந்தேன்.

கிராமக் கடன் பாடத்தில் 1951-52 அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு வரும். கோர்வாலா குழு. விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம், வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம். மீதிப் பெரும்பகுதிக்கு வட்டிக்கடைக்காரர் என்று ஒரு வில்லன். நல்லவன், கெட்டவன் இருவரும் இருந்ததால் எளிதில் மனதில் நின்ற பாடம் அது. பேராவூரணியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தை இந்த இரண்டு கட்டத்திலும் அடங்கமாட்டாள். ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள் அங்கே. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், பணம் வேண்டும் என்பதே காரணம், அதை மறைக்கவும் மாட்டார்கள். பந்தல் போட்டு, கிடா வெட்டி, ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்து, சாப்பிட்டவர் ஒவ்வொருவரும் மொய் எழுதுவார். வாங்கியதை அவரவர் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். திருப்பாதவன்மேல் கேஸ் போடமாட்டார்கள். அடுத்த விருந்தில் அவன் பெயரை மைக்கில் வாசிக்காமல் விட்டுவிடுவார்கள், அது போதும். அத்தை அந்தப் பணத்தில் தென்னந்தோப்பு வாங்கினாள், ஆழ்துளைக் கிணறு போட்டாள், ஒரு பிள்ளையைச் சிங்கப்பூர் அனுப்பினாள். இப்போது கணினியில் ரசீது வருகிறது, நோட்டு எண்ணும் இயந்திரம் பந்தலுக்குள் ஓடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னைகளைச் சாய்த்த பிறகுதான் அந்தச் சுழற்சி முதல்முறையாகத் தள்ளாடியது. கொடுக்க வேண்டியவன், வாங்க வேண்டியவன் இரண்டு பேர் தோப்பும் ஒரே ராத்திரியில் விழுந்தால் எந்த வங்கிதான் நிற்கும்? அண்ணன் மகளின் பாடத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது, 2008 அமெரிக்காவை உதாரணமாக வைத்து.

நிதி என்ற சொல்லுக்கு டெல்டா புதிதல்ல என்பதை நான் படிப்பு முடித்து, தேர்வு எழுதி, ஒரு வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1901-லேயே தஞ்சாவூரில் ஒரு வங்கி பிறந்தது. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் என்று எங்கள் காலம்வரை ஓடி, 1990-ல் இந்தியன் வங்கியில் கலந்தது. 1904-ல் கும்பகோணம் பேங்க். சுற்றுவட்டாரச் சிறு வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்து இன்று சிட்டி யூனியன் வங்கியாக இருக்கிறது, தலைமையகம் இன்னும் கும்பகோணம்தான். அதே 1904-ல் அதே ஊர்க் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தார். கணக்கு மட்டும் தெரிந்தால் கும்பகோணத்தில் காசு தங்காது என்று எடுத்துக்கொள்ளலாம். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனபோது, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்நின்றவர்களில் முக்கியமானவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். திருவிடைமருதூர்க்காரர். மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது. நாங்களோ வங்கிப் பாடத்தில் இங்கிலாந்து வங்கியின் 1844-ஆம் வருடச் சட்டத்தைப் படித்தோம். திருவிடைமருதூர் வழியாகத்தான் கல்லூரி பஸ் போகும்.

வங்கிக் கவுன்ட்டரில் நான் கற்ற பொருளாதாரத்துக்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை. ஆடியில் நகை உள்ளே வரும், நாற்றுவிடவும் உழவுக்கும் பணம் வெளியே போகும். தையிலும் மாசியிலும் பணம் உள்ளே வரும், நகை வெளியே போகும். ஆறு பொய்த்த வருடம் நகை உள்ளேயே இருக்கும். மேட்டூர் நீர்மட்டம் என்ன என்பதை நான் செய்தித்தாளில் பார்த்ததில்லை, லாக்கரில் பார்த்தேன். காவிரி வழக்கில் 1991 இடைக்காலத் தீர்ப்பு 205 டி.எம்.சி., 2007 இறுதித் தீர்ப்பு 419, 2018-ல் உச்ச நீதிமன்றம் 404.25. ஒவ்வொன்றுக்கும் ஊரில் வெடி வெடித்தார்கள் அல்லது கறுப்புக்கொடி கட்டினார்கள். ஒவ்வொரு ஆடியிலும் அதே அட்டிகைகள் அதே பையில் அதே பெண்களோடு வந்தன. சில அட்டிகைகளைப் பெயர் சொல்லியே கூப்பிட்டிருப்பேன்.

அப்பாவின் அளவுகோல் ஒன்று உண்டு. எதற்கும் ரூபாயில் விலை சொன்னால் அவருக்கு ஏறாது. சைக்கிள் எத்தனை மூட்டை, வேட்டி எத்தனை மரக்கால், என் கல்லூரிச் சம்பளம் எத்தனை கலம். எனக்கு ஒரு வருடத்துக்கு இரண்டு மூட்டையில் முடிந்தது. தங்கையின் கல்யாணத்துக்குப் பவுன் எடுக்கும்போது, "ஒரு பவுனுக்கு இருவது மூட்டையா? அநியாயம்டா" என்றார். நான் அப்போது லாஸ்பியர், பாஷே, ஃபிஷர் என்று குறியீட்டெண்களில் மூழ்கிக் கிடந்தேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அரை மூட்டை பிசகாது. 1984-85-ல் சாதா நெல் குவிண்டாலுக்கு 137 ரூபாய், அறுபது கிலோ மூட்டை 82 ரூபாய். பவுன் ஆயிரத்து அறுநூறு பக்கம்.

2025-க்கு வருவோம். மத்திய அரசு விலை 2,369, மாநில அரசு ஊக்கத்தொகை 131, சேர்ந்து 2,500. மூட்டை 1,500 ரூபாய். அந்த அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு பவுனுக்கு அறுபது மூட்டை. அண்ணனுக்கு முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர் நிலம், சம்பாவில் ஏக்கருக்கு நாற்பது மூட்டை கண்டால் நல்ல மகசூல். மொத்தம் இருநூறு மூட்டை, மூன்று லட்ச ரூபாய். மகளின் ஒரு வருடக் கட்டணம் மூன்று லட்ச ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் கழிக்காமல், ஒரு மணி நெல்லைக்கூடச் சாப்பிடாமல் இருந்தால், முக்கால் வேலி சம்பா ஒரு பெண்ணை ஒரு வருடம் பொருளாதாரம் படிக்கவைக்கும். இந்தக் கணக்கை அவளிடம் காட்டினேன். ஆர்வமாகப் பார்த்துவிட்டு, "அப்பா ஏன் இன்னும் விவசாயம் பண்றாங்க? ரேஷனலா இல்லையே" என்றாள். உன் ஃபீஸ் கட்டத்தான் என்று அண்ணன் உள்ளேயிருந்து சொன்னான்.

போன வருடம் அவளுக்குக் கிராமப் பொருளாதாரத்தில் ஒரு புராஜெக்ட். அப்போதுதான் கில்பர்ட் ஸ்லேட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். இந்த நாட்டைப் பற்றிப் பாடம் நடத்தப் புத்தகம் இல்லை என்பது வந்ததும் அவருக்குப் புரிந்துபோயிற்று. ஆப்பிளைக் காட்டிச் சமாளித்திருக்கலாம். அவர் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, விடுமுறைக்கு அவரவர் ஊருக்குப் போய் நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று எழுதி வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாயிற்று. அதில் ஒரு கிராமம் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாப் பாலக்குறிச்சி. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 2019-ல் ஃபவுண்டேஷன் ஃபார் அக்ரேரியன் ஸ்டடீஸ் ஆய்வாளர்கள் பாலக்குறிச்சியோடு வெண்மணியையும் சேர்த்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நூறு வருடமாக எங்கள் டெல்டாவில் ஒரு கிராமம் பொருளாதாரத்தின் பாடப்புத்தகமாக இருந்திருக்கிறது. நடுவில் மூன்று வருடம் நான் அதே டெல்டாவில் அதே பாடம் படித்தேன். ஸ்லேட்டர் பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அவர் இருந்திருந்தால் லீவுக்கு ஊருக்குப் போனதையே பரீட்சையாக எழுதி முதல் வகுப்பு வாங்கியிருப்பேன்.

அவள் கேள்வித்தாள் கூகுள் படிவத்தில் இருந்தது. முதலில் அகப்பட்டவள் என் அம்மா.

"மாச வருமானம் எவ்வளவு அப்பாயி?"

"மாசா மாசம் வர்றதுக்கு நான் என்ன கலெக்டர் ஆபீசுலயா வேல பாக்குறேன்?"

"சரி, வருஷத்துக்கு எவ்வளவு?"

"எந்த வருஷத்துக்கு? ஆத்துல தண்ணி வந்த வருஷத்துக்கா, வராத வருஷத்துக்கா?"

"போன வருஷம்."

"போன வருஷம் தண்ணி வந்துச்சு. அறுப்பு நேரத்துல மழையும் வந்துச்சு. அத எதுல போடுவ?"

படிவத்தில் எண் போடாமல் அடுத்த பக்கம் நகராது. கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டாள். நாற்பது வருடம் நடவுக்கு ஆள் கூப்பிட்டு, அவர்களோடு இறங்கி நட்டு, கூலி அளந்து, விதை கட்டி, மொய் நோட்டை இன்றுவரை பராமரிக்கும் அம்மா அந்த ஆய்வில் வருமானமற்ற சார்ந்திருப்பவர். வேலை இருக்கிறவர்களைத் தேடி வயலுக்குப் போனாள். நட்டுக்கொண்டிருந்தவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள். அவளுக்கு இந்தி தெரியாது, அவர்களுக்கும் இந்தி சுமார்தான். கைபேசி மொழிபெயர்த்தது. கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலை அது என்னவாக்கியதோ, தரவில் ஒருவருக்கு மட்டும் நாள் கூலி நாற்பதாயிரம். அதை நீக்கியதற்குப் புள்ளியியல் காரணம் ஒன்று எழுதியிருக்கிறாள்.

உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. எகனாமிக்ஸ் முடித்த ஒருவனும் அவள் மாதிரியில் இருந்தான். எனக்கு மருமகன் முறை. என்னைப் போலவே கடைசிப் பலகையில் பெயர் வந்து சேர்ந்தவன். கொள்முதல் நிலையத்தில் தன் அப்பாவின் நெல்லுக்குக் காவல் இருந்தபடி கைபேசியில் பேங்க் நிஃப்டி ஆப்ஷன் ஆடிக்கொண்டிருந்தான். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். மூன்று நிதியாண்டுகளில் இப்படி விளையாடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், தலைக்குச் சராசரியாக இரண்டு லட்சம்.

"தெரியும் மாமா. மீதி ஏழு பேர்ல வரலாம்ல? நெல்லு போட்டா அந்த ஏழு பேருகூட இல்லியே."

"அதுக்காக?"

"நான் ஸ்டாப் லாஸ் போட்டுத்தான் ஆடுறேன் மாமா."

"சரி, இந்தா கெடக்கே நெல்லு, இதுக்கு?"

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "இதுக்கு எங்க மாமா ஸ்டாப் லாஸ்? தார்ப்பாதான்" என்று எழுந்து ஓடினான். பின்னால் நானும் ஒரு முனையைப் பிடிக்க ஓடினேன். இரண்டு எகனாமிக்ஸ் பட்டதாரிகள் சேர்ந்தும் வடக்கு ஓரத்து மூட்டைகள் நனைந்துவிட்டன.

அவளுக்கு இந்த மே மாதம் குருகிராமில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. பயிர்க் காப்பீட்டுக்காகச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து விளைச்சலைக் கணிக்கிற கம்பெனி. அவளுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தையே கொடுத்திருக்கிறார்கள், சொந்த ஊராயிற்றே என்று. மூன்றாம் நாள் அண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, நம்ம கொல்லைக்குக் கெழக்கால இப்ப நெல்லு நிக்குதா?"

"சித்திரையில ஏதும்மா நெல்லு? எதுக்குக் கேக்குற?"

"இங்க படத்துல பச்சையா, நல்லா வெளஞ்சிருக்கிற மாதிரி காட்டுதுப்பா. ஏக்கருக்கு நாப்பத்தஞ்சு மூட்டை வரும்னு வருது."

அண்ணன் எழுந்து வாசல்வரை போய்க் கிழக்கே பார்த்தான்.

"அது கொளம்மா. ஆகாயத்தாமரை."

"அப்ப அந்த நாப்பத்தஞ்ச என்ன பண்றது?"

"காப்பீட்டுக்காரனுக்குத் தெரிய வேணாம். கம்மியாப் போட்டு வையி."